கேட்போர் கடன்

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றை அடுத்துக் கேள்விக்கென்றே பத்துக் குறட்பாக்களைத் தனியே வைத்தார். கேட்டலை அவர் காதின் தொழிலாக மட்டும் கருதவில்லை, அறிவின் தொழிலாகவும் ஒழுக்கத்தின் தொழிலாகவும் கருதினார் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். பாடுவோனுக்குக் கடமை உண்டு என்பதை எல்லாரும் ஒப்புவர். கேட்போனுக்கும் கடமை உண்டோ எனின், பலரும் சற்றே தயங்குவர். காசு கொடுத்தோம், கேட்டோம், பிடித்தால் புகழ்வோம், பிடிக்காவிடில் பழிப்போம், இதில் அறம் எங்கே வந்தது என்பர்.

அறம் வருகிற இடம் ஒன்று உண்டு. பல்லாண்டுகளாக ஒரு மக்கட் கூட்டம் நெஞ்சில் வைத்துப் போற்றிய பழைய இசை, புதிய கருவிகளின் துணையால் புதிய ஒலியுடன் மீண்டும் வரும்போது, அதை ஏற்பதா மறுப்பதா என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்வி சுவை பற்றியது மட்டும் அன்று. ஆக்கியோர்க்கு நாம் என்ன கடமைப்பட்டுள்ளோம், நமக்குப் பின் வருவோர்க்கு என்ன கடமைப்பட்டுள்ளோம் என்னும் இரண்டு கேள்விகள் அதனுள் அடங்கியிருக்கின்றன. இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கர்ணன் இருமுறை பிறந்த கதை

1964ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'கர்ணன்' திரைப்படம் வெளிவந்தது. பி. ஆர். பந்துலு எடுத்து இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் கர்ணனாகவும், என். டி. இராமராவ் கண்ணனாகவும் தோன்றினர். பாடல்கள் கண்ணதாசன் இயற்றியவை. இசை விசுவநாதன், இராமமூர்த்தி என்னும் இரட்டையருடையது. இந்துஸ்தானி இராகங்களையும் வடநாட்டு வாத்தியங்களையும் தமிழ்ப் பாட்டினுள் அவர்கள் பொருத்திய திறம் இன்றளவும் இசையறிந்தோரால் பேசப்படுகிறது.

அந்நாளில் திரைப்படத்தின் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிக்கப்பட்டது. திரைக்குப் பின்னிருந்த ஒலிபெருக்கி வழியே குரலும் குழலும் முழவும் ஒன்றாகவே வந்தன. பாலும் நீரும் கலந்தாற்போல் எல்லா ஒலிகளும் ஒன்றிய அத்தடத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தல் இயலாததாக இருந்தது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அதே படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. மங்கிய படங்கள் துலக்கப்பட்டன. பழைய ஒலித்தடம் பெரிதும் சிதைந்திருந்தமையால் பின்னணி இசை புதிய கலைஞர்களைக் கொண்டு மீண்டும் வாசித்துச் சேர்க்கப்பட்டது. ஒற்றைத் திசையில் வந்த ஒலி, கேட்போனைச் சூழ்ந்து ஒலிக்கும் பல்திசை ஒலியாயிற்று. மக்கள் திரண்டனர். சென்னையில் அப்படம் நூறு நாளைக் கடந்து ஓடியது. அவ்வெற்றியைக் கண்டு 'திருவிளையாடல்' 2012இலும், 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015இலும் புத்துருப் பெற்று வந்தன.

ஆயினும் கேட்டோர் அனைவரும் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு சாரார், இவ்வளவு நாளும் இப்பாட்டில் இத்தனை வாத்தியங்கள் இருந்தனவா என வியந்தனர். மற்றொரு சாரார், இது நாம் கேட்ட பாட்டு அன்று என முகம் சுளித்தனர். கேட்டால் போதும், ஒலி எப்படியிருந்தால் என்ன என்றோரும் உண்டு.

ஒரு வீட்டில் நிகழ்ந்த உரையாடல்

கங்காதர நெல்லூரில் நாமறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில், ஐந்து சிறு ஒலிபெருக்கிகளையும் தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே ஒரு பெட்டியையும் கூடத்தில் பொருத்தி, இப்புதிய கர்ணனைச் சில குடும்பங்கள் கூடிப் பார்த்ததுண்டு. கர்ணன் களத்தில் வீழ்ந்து கிடக்கையில் சீர்காழி கோவிந்தராசன் குரலில் வரும் பாடல் முடிந்ததும், வீட்டுப் பெரியவர் தலையசைத்தார்.

"குரல் அவருடையதுதான். பக்கத்தில் கேட்கும் இசைதான் எனக்குப் பழக்கமில்லை. நான் அழுத இடத்தில் இப்போது அழுகை வரவில்லை," என்றார்.

"தாத்தா, நீங்கள் அன்று கேட்டது பாட்டையா, அந்தக் கொட்டகையையா?" என்று கேட்டான் பெயரன். சித்தூரில் தெலுங்கு வழியில் படித்த பையன் அவன்.

பெரியவர் சினம் கொள்ளவில்லை. "இரண்டையும்தான், கண்ணு. மணல் தரை, கயிற்றுக் கட்டில் போல நெளிந்த பெஞ்சு, உன் பாட்டி மடியில் தூங்கிய உன் அப்பன், எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டு," என்றார்.

"எனக்கு அந்தக் கொட்டகை கிடைக்காதே, தாத்தா. எனக்குக் கிடைத்தது இதுதான். இதில் எனக்கு அழுகை வந்தது," என்றான் பையன்.

இவ்வுரையாடலில் இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவர் பக்கம் எவ்வளவு என்று பகுத்துக் காண்பதே நம் வேலை.

பெரியவர் பக்கம்

பழமையை விரும்புவோரை, இளமை நினைவில் மயங்குவோர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அது நீதி ஆகாது. இசையமைப்பாளர்கள் ஒற்றை ஒலிபெருக்கியை எண்ணியே அக்காலத்தில் இசையமைத்தனர். எந்த வாத்தியம் குரலுக்குப் பின் பதுங்க வேண்டும், எது ஒரு கணம் முந்தி வர வேண்டும் என்பதை அந்த இடுக்கான பாதையை உள்ளத்தில் கொண்டே முடிவு செய்தனர். வெண்பாவின் தளை புலவனுக்குத் தடையாவது போலவே துணையும் ஆகும் அன்றோ? தளையை நீக்கினால் சொற்கள் விடுதலை பெறும், வெண்பா இராது. அதுபோல், ஒற்றைத் தடத்தின் இடுக்கத்தில் அமைந்த சமன்பாட்டை ஐந்து திசைகளில் பிரித்து வைக்கும்போது, ஆக்கியோர் மறைத்து வைத்தது வெளிப்பட்டுவிடலாம், முன்னிறுத்தியது பின்தங்கிவிடலாம். ஆகவே, "இது அவர்கள் செய்தது அன்று" என்று சொல்லும் பெரியவர் ஒரு சான்றாளர். அவர் மறைந்தபின் அவ்வேறுபாட்டை அறிந்து சொல்ல ஆளிரார்.

இளையோர் பக்கம்

மறுபுறம், கேட்கப்படாத பாட்டு பாட்டாக வாழ்வதில்லை. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் அலைய வேண்டா. திருமலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அன்னமாசாரியரின் பதங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயில் அறையொன்றில் நெடுங்காலம் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அவை வெளியுலகின் கவனத்திற்கு வந்தன. ஏடுகளில் பாட்டின் சொற்கள் இருந்தன, இராகப் பெயர்கள் இருந்தன. மெட்டைக் காட்டும் சுரக்குறிப்புகள் இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய இசைவாணர்கள் புதிய மெட்டமைத்தபின் அவை மீண்டும் நாவில் ஏறின. இன்று திருப்பதித் தெருக்களில் விடியற்காலை ஒலிக்கும் பதங்களில் பெரும்பாலானவற்றின் சொல் ஐந்நூறாண்டுப் பழமையது, மெட்டோ நம் பாட்டன்மார் காலத்தது. அதனால் பக்தி குறைந்துவிட்டதா? புதிய மெட்டு வேண்டா, பழைய மெட்டு கிடைக்கும் வரை காத்திருப்போம் என்று இருந்திருந்தால், செப்பேடு செப்பேடாகவே கிடந்திருக்கும்.

எனவே புதுப்பித்தல் தவறு என்னும் கொள்கை நிற்காது. புதுப்பித்தல் எல்லாம் சரி என்னும் கொள்கையும் நிற்காது. எவ்வாறு புதுப்பிப்பது என்பதே வினா.

நடுவில் இருப்பது யார்?

இவ்விடத்தில் நம் பகுதியின் வழக்கம் ஒன்றை நினைத்தல் பொருந்தும். சித்தூர் வட்டாரத்து ஊர்களில் பாரதத் திருவிழா நடைபெறுவதை நாம் அறிவோம். பகலில் அரிகதை, இரவில் கூத்து. கடைசி நாளில், மண்ணால் படுத்த துரியோதனன் உருவின் தொடையை வீமன் வேடத்தான் அடித்துப் பிளப்பான். கர்ணன் மாளும் இரவில் ஊரே விழித்திருக்கும். அக்கூத்தில் பாட்டும் மத்தளமும் நடுவில் இருக்கும். மக்கள் அதைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர். முன்வரிசையில் இருப்பவனுக்குக் கேட்பது வேறு, ஓரத்து வேப்பமரத்தடியில் இருப்பவனுக்குக் கேட்பது வேறு. ஆயினும் ஒருவனும் முறையிடுவதில்லை. கதை நடுவில் இருக்கிறது, தான் ஓரத்தில் இருக்கிறோம் என்பதை அவன் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறான்.

சூழொலிக் கருவி இம்முறையைத் தலைகீழாக்கியது. கேட்போன் நடுவில் அமர்கிறான். இசை அவனைச் சுற்றி நிற்கிறது. எல்லாம் அவன் இருக்கையை நோக்கியே அளந்து வைக்கப்படுகின்றன. இதனால் இன்பம் மிகுதியே, மறுப்பதற்கில்லை. ஆனால் நடுவில் அமர்ந்து பழகியவனுக்கு, இசை தனக்காகவே ஆக்கப்பட்டது, தன் விருப்பத்திற்கு அது வளைய வேண்டும் என்னும் எண்ணம் மெல்ல வளர்ந்துவிடுகிறது. புதிய பதிப்பைக் கண்டு சினந்து பேசுவோரிடமும், பழைய பதிப்பை எள்ளி நகைப்போரிடமும் நாம் காண்பது இவ்வெண்ணத்தையே. இருவரும் பாட்டைத் தம் உடைமையாக எண்ணுகின்றனர். கூத்துக் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த உழவனிடம் இருந்த பணிவு இவ்விருவரிடமும் இல்லை.

மேலைநாட்டு நிகழ்ச்சிகள்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியது அன்று. ஆங்கிலநாட்டுப் 'பிங்க் ஃபிளாய்ட்' என்னும் ராக் இசைக்குழு 1967ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இலண்டன் மண்டபம் ஒன்றில், ஒலியை அவையோரைச் சுற்றிச் சுழலவிடும் கருவியொன்றைப் பயன்படுத்தியது. அக்குழு 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டைப் பதிந்த பொறியாளர் ஆலன் பார்சன்சு, அதற்கு நான்கு திசை ஒலியமைப்பு ஒன்றையும் செய்தார். நான்கு திசை ஒலிக் கருவிகள் அன்றைய சந்தையில் நிலைக்கவில்லை. 2003இல் அதே இசைக்கு ஜேம்சு கத்ரி என்பவர் புதிய சூழொலி அமைத்தார். முன்னையதே சிறந்தது, பின்னையதே சிறந்தது என்று அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 2023இல் ஐம்பதாம் ஆண்டையொட்டி இன்னும் ஒரு வடிவம் வந்தது. அறுபதுகளின் இறுதியில் தோன்றிய 'கிங் கிரிம்சன்' குழுவின் பழந்தட்டுகளை 2009 முதல் ஸ்டீவன் வில்சன் என்னும் இசைக்கலைஞர் சூழொலியாக மாற்றியமைத்தபோது, அவ்வெளியீடுகளில் புதிய வடிவத்துடன் பழைய மூல வடிவத்தையும் சேர்த்து வைத்தனர். வேண்டுவோர் ஒப்பிட்டுக் கேட்கலாம். இச்செயல் சிறிதாகத் தோன்றினும் இதனுள் ஒரு பெரிய நெறி இருக்கிறது.

அந்நெறியை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டனர். செம்பியன் மாதேவியார் பழைய செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய சோழப் பேரரசியார். திருக்கோடிகாவில் கோயிலைப் புதுக்கியபோது, பழைய கற்களில் இருந்த முன்னையோர் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். தமக்கு முன் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவன் எவனோ, அவன் பெயர் தம் திருப்பணியால் அழிந்துவிடலாகாது என்னும் அறவுணர்ச்சி அது. கோயில் புதிது, கொடையின் நினைவு பழையது, இரண்டும் ஒரே சுவரில் நின்றன.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நமக்கு இன்னும் எளிய உவமை ஒன்று உண்டு. கோப்பில் எழுதிய ஒரு தொகையைத் திருத்த வேண்டுமாயின், அதைச் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய தொகை படிக்கும்படி அதன்மேல் ஒரு கோடு இழுத்து, புதிய தொகையை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் நாளும் இட வேண்டும். என்ன இருந்தது, என்ன ஆயிற்று, யார் செய்தார் என்னும் மூன்றும் பின்வருவோர்க்குத் தெரிய வேண்டும். திருத்தம் குற்றம் அன்று. தடம் தெரியாமல் திருத்துவதே குற்றம்.

இன்று இக்கேள்வி ஏன் பெரிதாயிற்று?

முன்னாளில் கலந்த ஒலியைப் பிரிக்க இயலாது என்றோம். இன்று கணிப்பொறி அதையும் செய்யத் தொடங்கிவிட்டது. மறைந்த ஜான் லென்னனின் குரலைப் பழைய நாடாவிலிருந்து பிரித்தெடுத்துப் 'பீட்டில்சு' குழுவின் பாட்டொன்று 2023இல் வெளிவந்தது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் பாட்டொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ. ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்தே அது செய்யப்பட்டதாக அவர் அறிவித்தார். அவ்வளவில் அது நேர்மையான செயலே. எனினும் பாடியவரையே கேட்க இயலாத நிலையில் குடும்பத்தாரின் இசைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது எண்ணத்தக்கது.

சட்டம் ஓரளவே காக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் வெளியான ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. அக்கணக்கில் 1964இன் படவுரிமை 2024ஆம் ஆண்டோடு முடிந்தது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆக்கியோர் மறைந்தபின் அறுபது ஆண்டுகள் உரிமை தொடரும். படைப்பைச் சிதைத்துத் தம் நற்பெயருக்கு ஊறு செய்வதைத் தடுக்கவும் ஆக்கியோர்க்குச் சட்டம் உரிமை தருகிறது. ஆயின் ஆண்டுகளின் எண்ணிக்கை முடியும். அன்பின் கடன் முடிவதில்லை. சட்டத்தின் வேலி முடியுமிடத்தில் கேட்போரின் மனச்சான்றே வேலியாக நிற்க வேண்டும்.

கடன்கள் மூன்று

ஆகவே, புதுப்பிப்போர்க்கு நாம் வைக்கும் நெறி இது: மாற்றியது இன்னதென்று வெளிப்படச் சொல்லுக. மூலம் கிடைக்கும் அளவும் அதை அழியாது வைத்து, கேட்க விரும்புவோர்க்கு அளித்திடுக. புதிதாக வாசித்தோர் பெயரையும் பழையோர் பெயருடன் சேர்த்து எழுதுக.

கேட்போராகிய நமக்கும் மூன்று கடன்கள் உள. கேளாமுன் பழிக்காதிருத்தல் முதலாவது. நமக்கு அழுகை வராத இடத்தில் பிறனுக்கு வந்த அழுகையைப் பொய் என்னாதிருத்தல் இரண்டாவது. பழையது இவ்வாறு இருந்தது என்பதை அறிந்தவரை இளையோர்க்கு எடுத்துரைத்தல் மூன்றாவது. மூன்றாவது இன்றேல் முதலிரண்டும் வெறும் நயத்தக்க நாகரிகமாகவே முடியும்.

நம் வீடுகளில் இக்கேள்வி

இவ்வளவும் ஒரு திரைப்படத்தின் பொருட்டா எனின், அன்று. 1911ஆம் ஆண்டு வரை இச்சித்தூர்ப் பகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்தோடு இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. கோடுகள் இடம் மாறின. கோட்டுக்கு இப்பால் பிறந்தோரும், வேலையின் பொருட்டு இப்பால் வந்து தங்கினோரும் ஆகிய நாம் அனைவரும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்கிறோம். நம் பிள்ளைகள் தெலுங்கெழுத்தில் படிக்கின்றனர். அவர்கள் பேசும் தமிழில் தெலுங்கின் ஓசை கலந்திருக்கிறது. பாட்டி சொன்ன சொல் அவர்கள் வாயில் வேறு மெட்டில் வருகிறது. பழைய தமிழுக்குப் பக்கத்தில் புதிய வாத்தியங்கள் ஒலிக்கும் கர்ணன் அவர்களே.

அதைக் கேட்டு நாம் செய்வது என்ன? பலவேளைகளில் சிரிக்கிறோம், சிலவேளைகளில் சினக்கிறோம். "இது தமிழா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மானமுள்ள பிள்ளை மறுமுறை தமிழில் வாய் திறப்பதில்லை. தூய்மையைக் காக்க எண்ணிப் பேச்சையே இழக்கிறோம். மாறாக, எப்படியேனும் பேசட்டும் என்று விட்டு, மூலச்சொல் இதுவென ஒருநாளும் சொல்லாதிருந்தாலோ, பழைய தொகையைச் சுரண்டி அழித்த எழுத்தர் ஆகிறோம்.

பெரியவர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளையின் தமிழை முழுவதும் கேட்க வேண்டும். இடைமறிக்காமல் கேட்க வேண்டும். கேட்டபின், "எங்கள் ஊரில் இதை இப்படிச் சொல்வோம்" என்று பழைய சொல்லை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். அவன் சொல்லின்மேல் கோடிழுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் எழுதினாலே போதும். செம்பியன் மாதேவியார் புதுச்சுவரில் பழங்கல்வெட்டைப் பொறித்தது போல், அவன் பேச்சில் நம் சொல்லும் ஓரிடம் பெற்று நிற்கும். அச்சொல்லை அவன் எடுப்பானோ விடுப்பானோ, அது அவன் காலத்து வேலை. எடுக்கும்படி அங்கே வைத்துவிட்டுப் போவது நம் காலத்து வேலை.